மேரி அன்னிங்கும் கல்லாய்ப்போன சுறாவும்

சுறாப்புட்டு செய்யும் வீடுகளில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து உதிர்க்கும்போது மற்ற மீன்களில் இருப்பது போன்ற கூரிய முட்கள் விரலில் அகப்படுவதில்லை. சுறாவின் உடலில் எலும்பு இல்லை என்பதே இதற்குக் காரணம். நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பால் ஆனது அதன் உடற்கூடு. சுறா இறந்து கடலடிச் சேற்றில் விழுந்தால், அந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் அழுகிக் கரைந்துவிடும். எஞ்சி நிற்பவை பற்கள். சில இனங்களில் முதுகுத் துடுப்பின் முன்னால் இருக்கும் கெட்டியான முள்ளும் எஞ்சும். சுறாவுக்குப் பல் விழுந்தால் மீண்டும் முளைக்கும். ஒரே சுறா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களைக் கடலடியில் உதிர்த்துவிட்டுப் போகிறது.

எனவே, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து அழிந்த சுறா, முழு மீனாக நம் கைக்குக் கிடைப்பது மிக அரிது. ஒரு பாறையில் ஒரு பல் இருக்கும். பத்தடி தள்ளி இன்னொரு பாறையில் ஒரு முள் இருக்கும். இவை இரண்டும் ஒரே மீனுடையவையா, வெவ்வேறு மீன்களுடையவையா? இதை முடிவு செய்யாமல் அந்தச் சுறாவுக்குப் பெயர் வைக்கவும் முடியாது. அதை ஓர் இனத்தில் சேர்க்கவும் முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் பெரும் அறிஞர்கள் இக்கேள்வியில் தடுமாறி நின்றனர். அப்போது அவர்களுக்கு விடை காட்டியவர்களுள் ஒருவர், கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தச்சரின் மகள். அவர்தாம் மேரி அன்னிங்.

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில் லைம் ரீஜிஸ் என்னும் சிற்றூர் உள்ளது. நெகிரி செம்பிலானில் இருப்பவர்கள் விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போவது போல, அக்காலத்தில் வசதி படைத்த ஆங்கிலேயர்கள் அவ்வூருக்குப் போய்த் தங்கினார்கள். அவ்வூரில் 1799-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மேரி பிறந்தார். தந்தை ரிச்சர்ட், மரப்பெட்டிகளும் மேசைகளும் செய்யும் தச்சர். தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் பலர்; அவர்களுள் வளர்ந்து ஆளானவர்கள் மேரியும் அண்ணன் ஜோசப்பும் மட்டுமே. அம்மையும் பிற நோய்களும் ஏழை வீடுகளில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலம் அது.

மேரி பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, ஒரு பெண்மணி அவரைக் கையில் ஏந்தியபடி திறந்தவெளியில் நடந்த குதிரைச் சாகசக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று மழை வந்ததும் மேலும் இரு பெண்களுடன் ஒரு மரத்தடியில் ஒதுங்கினார். இடி விழுந்தது. மூன்று பெண்களும் அங்கேயே இறந்தனர். குழந்தை மட்டும் பிழைத்தது. அதற்குப் பிறகுதான் அக்குழந்தை சுறுசுறுப்பாகவும் அறிவுக்கூர்மையோடும் வளர்ந்தது என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஊர்ப்பேச்சு எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலும்! மேரியின் குடும்பம் அந்நாட்டு அரசுத் திருச்சபையைச் சேராத, வேறொரு கிறித்துவப் பிரிவைச் சேர்ந்தது. அப்பிரிவினர் நடத்திய ஞாயிற்றுப் பள்ளியில் மேரி எழுதப் படிக்கக் கற்றார். அவருக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு அவ்வளவே.

லைம் ரீஜிஸ் கடற்கரையை ஒட்டி உயர்ந்த செங்குத்தான பாறைகள் நிற்கின்றன. சாம்பல் நிறச் சுண்ணாம்புக் கல்லும் களிக்கல்லும் அடுக்கு அடுக்காக அமைந்த பாறைகள் அவை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்விடம் வெதுவெதுப்பான ஒரு கடலின் அடித்தளமாக இருந்தது. மாரிக்காலப் புயலும் மழையும் பாறையைச் சரிக்கும்போது, அதற்குள்ளிருந்து சுருள் வடிவக் கற்களும் விரல் போன்ற கற்களும் வெளிப்படும். சுருள் வடிவக் கல்லை ஊரார் பாம்புக்கல் என்றனர். விரல் போன்ற கல்லைப் பேயின் விரல் என்றனர். அந்தப் பாம்புக்கல் நமக்குப் புதியதன்று. நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து எடுத்து வந்து பூசையில் வைக்கும் சாளக்கிராமத்துக்குள் இருக்கும் சுருளும் அதே வகையைச் சேர்ந்ததுதான். இரண்டும் கணவாய்க்கு உறவான அம்மோனைட் என்னும் பழங்காலக் கடலுயிரின் புதைபடிவங்கள்.

ரிச்சர்ட் தம் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, இத்தகைய கற்களைத் தேடவும் துப்புரவாக்கவும் கற்றுத் தந்தார். அவற்றை வீட்டு வாசலில் மேசை போட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார். 1810-ஆம் ஆண்டில் அவர் இறந்தார். பாறையிலிருந்து விழுந்த காயமும் காசநோயும் அவரைக் கொண்டு போயின. வீட்டுக்கு அவர் விட்டுச் சென்றது கடன்தான். மேரிக்கு அப்போது வயது பதினொன்று. சில ஆண்டுகள் ஊர்த் திருச்சபை ஏழைகளுக்குக் கொடுத்த உதவிப் பணத்தில் அக்குடும்பம் பிழைத்தது. விளையாட்டாகத் தொடங்கிய கல் தேடல் அதன் பிறகு வயிற்றுப்பாட்டுக்கான வேலையாயிற்று.

1811-இல் ஜோசப் பாறையில் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். ஏறக்குறைய நான்கு அடி நீளம். முதலையின் தலை போன்ற தோற்றம். அடுத்த ஆண்டு அதன் எஞ்சிய உடலை மேரி தேடிக் கண்டுபிடித்தார். குடும்பம் அதை 23 பவுண்டுக்கு விற்றது. பல கை மாறிய அந்தப் புதைபடிவம் பிற்பாடு இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தைச் சென்றடைந்தது. மீனைப் போன்ற உடலமைப்புடன் கடலில் வாழ்ந்த ஊர்வன இனம் அது. இக்தியோசோர் என்று அதற்குப் பெயர் வந்தது. பெயரிட்டவர்களின் பெயர் நூலில் ஏறியது. தேடி எடுத்தவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி என்பது வெளியுலகில் பலருக்குத் தெரியாமலே போயிற்று.

மேரியின் வேலை எப்படிப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாரிக்காலத்தில்தான் பாறை சரியும். எனவே குளிரிலும் மழையிலும்தான் அவர் கடற்கரைக்குப் போனார். கையில் ஒரு சுத்தியல், தோளில் ஒரு கூடை, கூடவே டிரே என்னும் நாய். கடல் நீர் வற்றியிருக்கும் சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். நீர் ஏறினால் பாறைக்கும் கடலுக்கும் இடையே சிக்கிக்கொள்வார். சரிந்து கிடக்கும் புதைபடிவத்தை உடனே எடுக்காவிட்டால் அடுத்த அலை அதை உருட்டிக்கொண்டு போய்விடும். 1833-இல் பாறை சரிந்து, அவருடைய கண்ணெதிரே டிரேயைப் புதைத்துவிட்டது. மயிரிழையில் அவர் உயிர் தப்பினார்.

எடுத்து வந்த கல்லை வீட்டில் வைத்து, சுற்றியுள்ள மண்ணைப் பொறுமையாக நீக்குவார். எலும்புகளை வரைந்து வைத்துக்கொள்வார். வாங்கக் காசில்லாத அறிவியல் கட்டுரைகளை யாரிடமாவது கடன் வாங்கி, சொல் விடாமல் கையால் படியெடுப்பார். படங்களையும் அப்படியே வரைவார். அச்சிட்டதற்கும் அவர் வரைந்ததற்கும் வேறுபாடு காண்பது கடினமாக இருந்ததாம். படித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. மீனையும் கணவாயையும் வாங்கி வந்து அறுத்துப் பார்த்தார். இன்று வாழும் உயிரின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் கல்லுக்குள் இருப்பது எது என்று தெரியும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இக்தியோசோரின் வயிற்றுப் பகுதியில் கிடந்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்து, உள்ளே மீன் செதிலும் எலும்பும் இருப்பதை அவர் கண்டார். அக்கற்கள் கல்லாய்ப்போன சாணம் என்ற முடிவுக்கு அறிஞர் வில்லியம் பக்லாண்டு வருவதற்கு அந்தக் கவனிப்பு பெரிதும் உதவியது.

1823-ஆம் ஆண்டின் இறுதியில் மேரி மிக நீண்ட கழுத்துடைய பிளீசியோசோர் என்னும் கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். பாரிஸ் நகரத்துப் பேரறிஞர் கூவியர் அதன் படத்தைப் பார்த்துவிட்டு, இப்படியொரு கழுத்து இருக்க முடியாது, இரண்டு உயிர்களின் எலும்புகளை ஒட்டியிருப்பார்கள் என்று ஐயப்பட்டார். அந்த ஐயம் உறுதிப்பட்டிருந்தால் மேரியின் பிழைப்பே போயிருக்கும். இலண்டனில் நிலவியல் கழகம் கூடி ஆராய்ந்தது. எலும்புக்கூடு உண்மையானது என்று தெரிந்தது. கூவியர் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். ஆனால், அக்கழகத்தில் அதைப் பற்றி வாசிக்கப்பட்ட கட்டுரையில் மேரியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

கூட்டத்துக்கு அவர் போகவும் முடியாது. பெண்களை அக்கழகம் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த விதி 1919-இல்தான் மாறியது. பெண்ணாகப் பிறந்ததோடு, அவர் ஏழை, உழைத்து விற்பவர், வேறு சமயப் பிரிவினர். தாம் கண்டறிந்ததை வைத்துப் படித்தவர்கள் நூல் எழுதிப் புகழ் பெறுகிறார்கள், தமக்கோ ஒன்றுமில்லை என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. அதை நெருங்கிய தோழியரிடம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியாத செய்தியன்று. ரந்தாவ், லிங்கி, பகாவ் வட்டாரங்களில் விடியற்காலை பிரட்டுக்குப் போய், தம் நிரையிலுள்ள மரங்களை நாள்தோறும் வெட்டிய நம் பாட்டிமாருக்கு ஒவ்வொரு மரத்தின் குணமும் தெரியும். எந்த மரத்தில் பால் நிற்காது வடியும், எதன் பட்டை காயப் போகிறது, எந்த ஒட்டுமரம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையெல்லாம் இலையையும் பட்டையையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள். கிராணியின் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் கொண்டு வந்த பாலின் எடைதான் ஏறியது. அவர்களுடைய அறிவு ஏறவில்லை. லைம் ரீஜிஸ் கடற்கரையிலும் விலை எழுதப்பட்டது, அறிவு எழுதப்படவில்லை.

இனிச் சுறாவுக்கு வருவோம்.

1829 டிசம்பரில் மேரி ஒரு விசித்திரமான மீனைப் பாறையிலிருந்து எடுத்தார். தட்டையான உடல், நீண்ட மூக்கு, பார்ப்பதற்குப் பாதி சுறா, பாதி திருக்கை. இது திருக்கைதானா என்ற கேள்வி எழுந்தது. மேரி ஊகம் செய்துகொண்டு உட்காரவில்லை. ஒரு திருக்கையை அறுத்து, அதன் முதுகெலும்பைக் கல்லிலிருந்த முதுகெலும்போடு வைத்துப் பார்த்தார். புதைபடிவத்தின் முதுகெலும்பு ஒரே நீண்ட எலும்பு போலத் தோன்றியது. ஆனால், அது இரண்டு இடங்களில் விலகியிருந்தது. அந்த விலகலைக் கூர்ந்து பார்த்தபோது உண்மை புலப்பட்டது. மெல்லிய வளையங்கள் பல நெருங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வளையத்தின் முனையும் தட்டையாக இருந்தது. தாம் அறுத்த திருக்கையில் அப்படி இல்லை. முதுகெலும்பு ஒன்றை வைத்தே இதை வேறு பேரினத்தில் வைக்க வேண்டும் என்பது அவருடைய முடிவு. அந்த மீனுக்கு இன்று ஸ்குவாலோராஜா என்று பெயர். அது சுறாவுமன்று, திருக்கையுமன்று. இரண்டுக்கும் தூரத்து உறவான கைமீரா என்னும் மீன் குழுவைச் சேர்ந்தது என்று பிற்கால ஆய்வாளர்கள் வகைப்படுத்தியுள்ளனர். திருக்கையாக இருக்க முடியாது என்று மேரி சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

லைம் ரீஜிஸ் பாறைகளில் மேலும் மூன்று வகைப் பொருள்கள் அடிக்கடி கிடைத்தன. முதலாவது, நீண்டு வளைந்த, வரி வரியான கல் முட்கள். கெளுத்தி மீனைப் பிடித்துக் கையில் குத்து வாங்கியவர்களுக்குத் துடுப்பு முள் எப்படியிருக்கும் என்று தெரியும். இது அதைவிடப் பன்மடங்கு பெரியது. இரண்டாவது, கருமையான நீள்வட்டக் கற்கள். மழைக்காலத்தில் தோட்டத்துப் புல்லில் நடந்தால் காலில் ஏறுமே, அந்த அட்டை உடலைச் சுருக்கிக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கும். கல் தேடுவோர் அவற்றைக் கல் அட்டைகள் என்றே அழைத்தனர். அவை உண்மையில் சிப்பியையும் நத்தையையும் அரைத்துத் தின்ற ஒரு சுறாவின் பற்கள். மூன்றாவது, கொக்கி போல வளைந்த சிறு கூரிய உறுப்புகள்.

சுறாவின் பற்கள் கல்லாகும் என்பது அப்போது புதிய செய்தியன்று. மால்ட்டா தீவில் கிடைத்த முக்கோணக் கற்களைப் பாம்பின் நாக்குகள் என்று மக்கள் நம்பிய காலத்திலேயே, நிக்கோலஸ் ஸ்டெனோ என்னும் டென்மார்க் நாட்டு மருத்துவர், இத்தாலியில் பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்து, அவை சுறாப் பற்களே என்று 1667-இல் எழுதிவிட்டார். ஆயினும், பல் என்று தெரிந்தால் மட்டும் போதுமா? எந்தச் சுறாவின் பல்? எந்த முள்ளோடு சேர்ந்த பல்? லைம் ரீஜிஸ் முட்களுக்கும் பற்களுக்கும் இந்த உறவுதான் தெரியாமல் இருந்தது.

லூயி அகாசி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் அக்காலத்தில் உலகிலுள்ள மீன் புதைபடிவங்கள் அனைத்தையும் ஆராய்ந்து ஒரு பெருநூல் எழுதிக்கொண்டிருந்தார். 1833-இல் வெளிவரத் தொடங்கிய அந்நூல் 1843-இல் நிறைவு பெற்றது. ஐந்து தொகுதிகளில் ஏறத்தாழ ஆயிரம் மீன் இனங்களை அவர் விளக்கியிருந்தார். மெகலோடான் என்று இன்று திரைப்படங்களில் மிரட்டும் பெருஞ்சுறாவுக்கு அப்பெயரைத் தந்தவரும் அவரே. 1834-இல் அவர் லைம் ரீஜிஸுக்கு வந்தார். வயது 27. அவர் தேடி வந்தது மேரியையும், மேரியின் மூத்த தோழியான எலிசபெத் பில்பாட்டையும். எலிசபெத் வசதியான குடும்பத்துப் பெண். தம் சகோதரிகளோடு சேர்ந்து அருமையான புதைபடிவத் தொகுப்பு ஒன்றை வீட்டில் வைத்திருந்தார். சிறுவயதிலிருந்தே மேரியோடு கடற்கரையில் கல் தேடியவர் அவர்.

இரு பெண்களும் அகாசிக்குச் சுறாவின் முட்களை எடுத்துக் காட்டினர். இன்ன முள் இன்ன வகைச் சுறாவினுடையது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் பிரித்துக் காட்டினர். அருங்காட்சியகப் பெட்டியில் முள் ஓர் அறையிலும் பல் வேறோர் அறையிலும் கிடக்கும். அவற்றைப் பார்க்கும் அறிஞருக்கு இரண்டுக்கும் உள்ள உறவு தெரிய வழியில்லை. பாறையிலிருந்து தம் கையால் எடுத்தவருக்கோ, இந்த முள்ளை எடுத்தபோது அதன் அருகே இந்தப் பற்கள் வரிசையாகக் கிடந்தன என்பது நினைவில் இருக்கும். பத்து முறை, இருபது முறை அதே முள்ளும் அதே பல்லும் சேர்ந்தே கிடைத்தால் அவை ஒரே மீனுடையவை என்று துணிந்து சொல்லலாம். வகைப்பாட்டில் இதைவிட வலுவான சான்று வேறில்லை. அகாசி இதைப் புரிந்துகொண்டார். இருவருக்கும் தம் நூலில் நன்றி தெரிவித்தார். மற்ற அறிஞர்கள் செய்யத் தயங்கியதை அவர் செய்தார் என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அகாசி பெயரிட்ட பழஞ்சுறாக்களுள் ஒன்று ஹைபோடஸ். புடைப்புடைய பல் என்பது அப்பெயரின் பொருள். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம் வளர்ந்த இந்தச் சுறாவுக்கு இரண்டு முதுகுத் துடுப்புகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு முள். இந்தச் சுறாவால்தான் மேரியின் எழுத்து முதன்முறையாக அறிவியல் இதழொன்றில் இடம்பெற்றது.

1839-ஆம் ஆண்டில் இயற்கை வரலாற்று இதழ் ஒன்றின் ஆசிரியர் எட்வர்டு சார்ல்ஸ்வொர்த், லைம் ரீஜிஸில் கிடைத்த ஒரு ஹைபோடஸ் புதைபடிவத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் காணப்பட்ட கொக்கி வடிவ உறுப்பு ஒரு புதுமையாகப் பேசப்பட்டது. மேரியிடமும் அவர் கருத்துக் கேட்டார். மேரி எழுதிய பதில் பணிவாகவும் உறுதியாகவும் இருந்தது. கொக்கிப் பல் புதிதன்று என்றார். பல ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ நூறு தட்டைப் பற்களோடு சேர்ந்திருந்த ஒன்றைத் தாம் எடுத்ததாகவும், பிறகும் பலமுறை அப்படியே கிடைத்ததாகவும் தெரிவித்தார். துடுப்பு முட்களும் குருத்தெலும்புத் துண்டுகளும்கூட அவற்றோடு பொதுவாகக் கிடைக்கும் என்றார். இரையைக் கொக்கிப் பல்லால் பற்றித் தட்டைப் பல்லால் அரைக்கும் என்று அகாசி தம்மிடம் கூறியதையும், அதை அவர் நூலில் எழுதாதது தமக்கு வியப்பளிப்பதையும் சேர்த்து எழுதினார். அக்கடிதத்தின் ஒரு பகுதி இதழில் அச்சாயிற்று. சில வரிகள்தாம். மேரி உயிரோடிருந்தபோது அறிவியல் இதழில் வெளிவந்த அவருடைய எழுத்து இது ஒன்றே.

அந்தக் கொக்கி பல்தானா? இல்லை. ஹைபோடஸ் வகைச் சுறாக்களின் முழு உடல்கள் பிற்காலத்தில் வேறு இடங்களில் கிடைத்தபோது, அது தலையின் மேல் முளைத்த முள் என்று தெரிந்தது. ஆண் சுறாக்களுக்கு மட்டுமே அது இருந்ததாகக் கருதப்படுகிறது. பல் என்று நினைத்ததில் அகாசியும் மேரியும் தவறினர். அகாசி இன்னும் ஒருபடி போய், தனியே கிடைத்த கொக்கிகளுக்கு ஸ்பெனான்கஸ் என்று தனிப் பெயரே வைத்திருந்தார். தலை முள்ளுக்கு ஒரு பெயர், பல்லுக்கு வேறொரு பெயர் என்று ஒரே மீனுக்குப் பல பெயர்கள் வந்தன. கொக்கி, பல், துடுப்பு முள், குருத்தெலும்பு ஆகிய நான்கும் ஒரே மீனைச் சேர்ந்தவை என்று மேரி எழுதியதோ இன்றளவும் சரியாக இருக்கிறது.

இத்தனை அறிந்தவரின் கைப்பணம் என்னவோ எப்போதும் குறைவாகவே இருந்தது. 1820-இல் குடும்பம் வாடகைக்குத் தட்டுமுட்டுச் சாமான்களை விற்கும் நிலைக்கு வந்தபோது, அவர்களிடம் புதைபடிவங்களை வாங்கி வந்த தாமஸ் பர்ச் என்பவர் தம் தொகுப்பு முழுவதையும் ஏலம் விட்டு, கிடைத்த 400 பவுண்டை அவர்களுக்குக் கொடுத்தார். 1826-இல் மேரி சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கி, முன்பக்கத்தைக் கடையாக்கினார். சாக்சனி நாட்டு மன்னர்கூட 1844-இல் அக்கடைக்கு வந்தார். இடையில் சேமிப்பின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. பக்லாண்டு முயன்று அவருக்கு ஆண்டுக்கு 25 பவுண்டு உதவித்தொகை கிடைக்கச் செய்தார். அதைக் கொண்டே இறுதி ஆண்டுகளை அவர் கழித்தார்.

1840-களின் தொடக்கத்தில் அகாசி, கல் அட்டைப் பற்களையுடைய சுறாப் பேரினத்தின் ஓர் இனத்துக்கு அக்ரோடஸ் அன்னிங்கியே என்று பெயர் சூட்டினார். வேறொரு மீனினத்துக்கும் மேரியின் பெயரை வைத்தார். எலிசபெத் பில்பாட்டின் பெயரிலும் ஒரு மீனினம் உண்டு. மேரி உயிரோடிருந்தபோது அவர் பெயரை ஓர் உயிரினத்துக்கு வைத்தவர் அகாசி ஒருவரே.

மேரிக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. வலியைத் தாங்க அவர் உண்ட மருந்தின் மயக்கத்தைக் கண்டு, குடிக்கிறார் என்று சிலர் புறம் பேசினார்கள். 1846-இல் டோர்செட் அருங்காட்சியகம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. 1847 மார்ச் 9-ஆம் நாள் தம் 47-ஆம் வயதில் அவர் காலமானார். நிலவியல் கழகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ஹென்றி டி லா பீச். இளமையில் மேரியோடு கடற்கரையில் அலைந்தவர். உறுப்பினரல்லாத அப்பெண்ணுக்காகக் கழகக் கூட்டத்தில் அவர் இரங்கலுரை வாசித்தார். 1850-இல் கழகத்தாரின் நன்கொடையோடு ஊர்க் கோயிலில் மேரியின் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்று அமைக்கப்பட்டது. லைம் ரீஜிஸில் அவருக்குச் சிலை எழும்ப 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சுத்தியலும் கூடையுமாக அவர் நடக்க, பக்கத்தில் டிரே ஓடுகிறது.

ஹைபோடஸும் அதன் உறவினங்களும் டைனோசர்கள் அழிந்த காலம் வரை, அதாவது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை, வாழ்ந்தன. சில இனங்கள் கடலை விட்டு ஆறுகளிலும் ஏரிகளிலும் குடியேறின. நெகிரி செம்பிலானின் எல்லையைத் தாண்டினால் பகாங் மாநிலம். அங்குள்ள பாறைகளில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து தேடியபோது, இவ்வகை நன்னீர்ச் சுறாக்களின் பற்கள் கிடைத்தன. அவற்றுள் சில, தாய்லாந்தில் முன்பே அறியப்பட்ட இனங்களோடு ஒத்திருந்தன. இன்று காடும் தோட்டமுமாக இருக்கும் நம் தீபகற்பத்தின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் ஆறு ஓட, அதில் சுறா நீந்தியது என்பதற்கு அந்தப் பற்களே சாட்சி.